நங்கூரச் சங்கிலியின் நீளம்



வீடு என்றதும் உங்கள் மனக்கண்ணில் எழுவது என்ன? நான்கு சுவர்கள், ஒரு கூரை, முற்றத்தில் ஒரு கிணறு, தெருவைப் பார்த்த ஒரு திண்ணை. அவ்வளவுதானே? என் மனக்கண்ணிலும் அதுவே இருந்தது. பதினொன்றரை மீட்டர் நீளமும் நான்கு மீட்டருக்கும் குறைந்த அகலமும் கொண்ட பாய்மரப் படகொன்றை வீடாக்கிக்கொண்டு, அதிலேயே உண்டு, உறங்கி, தீவுக்குத் தீவு பெயர்ந்து வாழும் மனிதர்கள் உண்டு என்று யாரேனும் சொல்லியிருந்தால், வேலையற்ற செல்வந்தர்களின் விளையாட்டு அது என்று ஒதுக்கியிருப்பேன். ஆனால், அவ்வாறு ஏழு ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர்கள் என் உடன்பிறந்த லாத்தாவும் அவருடைய கணவரான மச்சானும்தாம்!

மச்சான் வணிகக் கப்பல்களில் பொறியாளராக முப்பது ஆண்டுகள் உழைத்தவர். பிள்ளைகள் இருவரும் தத்தம் குடும்பம் என்று ஆனபிறகு, கடைசிக் கப்பலைவிட்டு இறங்கிய கையோடு, கரீபியன் கடலின் தென்கோடியிலுள்ள டிரினிடாட் தீவில் பழைய பாய்மரப் படகொன்றை விலைக்கு வாங்கிவிட்டார். "ஓராண்டு மட்டும் இருந்து பார்ப்போம்" என்று அழைத்தாராம், லாத்தாவும் போனார். அந்த ஓராண்டுதான் ஏழாண்டாக நீண்டுவிட்டது.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள எங்கள் வீட்டில் இச்செய்தியை எவரும் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. என் வாப்பாவின் இளைய சகோதரர், நாங்கள் சாச்சா என்று அழைத்தவர், தூத்துக்குடித் தோணியில் வேலை பார்த்தார். 1986-ஆம் ஆண்டு கொழும்புக்குச் சரக்கேற்றிப் புறப்பட்ட அந்தத் தோணி கொழும்பு போய்ச் சேரவில்லை; திரும்பி வரவுமில்லை. அப்போது எனக்கு வயது ஏழு. அன்றிலிருந்து எங்கள் உம்மா, "இந்த வீட்டிலிருந்து இனி ஒருத்தரும் உப்புத் தண்ணியில கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். கடற்கரை ஊரில் பிறந்து, நாற்பத்தாறு வயதாகியும் எனக்கு நீந்தத் தெரியாது என்றால் நம்புவீர்களா? அதுதான் உண்மை. கப்பல்காரருக்கு லாத்தாவைக் கட்டிக்கொடுத்ததே வாப்பாவின் பிடிவாதத்தால்தான் என்று உம்மா இன்றளவும் குறைபட்டுக்கொள்வார்கள்.

2024 ஜூலை முதல் நாள் 'பெரில்' என்னும் பெரும்புயல் அந்தத் தீவுகளைத் தாக்கிய செய்தி வந்தபோது உம்மாவின் பொறுமை முற்றிலும் உடைந்தது. இரண்டு நாள்கள் சோறு உண்ணவில்லை. லாத்தாவின் குரலைத் தொலைபேசியில் கேட்ட பிறகே தண்ணீர் அருந்தினார்கள். அதன்பின் என்னிடம் ஒரே பேச்சு: "நீ போய் அவளைக் கூட்டிக்கிட்டு வா. கிதாபு படிச்சவன் சொன்னா கேப்பாள்."

மதரஸாவுக்கு ஷஃபான் மாத விடுமுறை விட்டதும், 2025 பிப்ரவரியில் நான் புறப்பட்டேன். பயணச் சீட்டை லாத்தாவே அனுப்பியிருந்தார். தாம் ஊருக்கு வராத குறையைத் தம்பியை வரவழைத்தேனும் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணியிருக்கலாம். நானோ அவரை அழைத்து வரும் தூதனாகச் சென்றேன்.

மூன்று விமானங்கள் மாறி, கிரெனடா தீவில் இறங்கினேன். ஜாதிக்காய்க்குப் பேர்போன தீவு அது; தன் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயைப் பொறித்து வைத்திருக்கிறது. 1857-ஆம் ஆண்டு 'மெய்ட்ஸ்டன்' என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய இந்தியர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். கடைவீதியில் நம் ஊர் முகச்சாயலோடு ஒரு மூதாட்டி ரொட்டி விற்றுக்கொண்டிருந்ததைக் கண்டு, ஒரு கணம் தமிழில் விலை கேட்டுவிட்டேன். அவர் சிரித்தாரே தவிர, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தீவின் தென்கரை, கை விரல்களைப் போலப் பிளந்து பிளந்து கடலுக்குள் நீண்டிருக்கிறது. அந்த விரலிடுக்குகளில் அமைந்த குடாக்களில்தான் நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றன. சிறிய இரப்பர்ப் படகில் மச்சான் என்னை ஏற்றிச் சென்றார். ஏறியதும் முதல் வேலையாக ஓர் உயிர்காப்பு அங்கியை என் மீது மாட்டி, வார்களை இறுக்கினார். "ஆலிம்சா, இதைத் தூங்கும்போது மட்டும் கழற்றினால் போதும்" என்றார்.

வாசகர்களே! அந்தப் படகு வீட்டைச் சற்று உங்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். ஐந்து படிகள் இறங்கினால் ஒரு சிறிய கூடம். இடப்பக்கம் சமையலிடம். படகு எப்பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் சாயாமல் இருப்பதற்காக, அதனை இரு பக்கமும் கொண்டியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வலப்பக்கம் வரைபட மேசை. அதன் மேலே வானொலிக் கருவி. அதில் பதினாறாம் அலைவரிசை எந்நேரமும் திறந்தே இருக்கும். ஆபத்தில் அழைப்பதற்கு உலகெங்கும் அதுவே வழி. முன்புறம் ஓர் அறை, பின்புறம் ஓர் அறை. இருக்கைகளுக்கு அடியிலும் படிகளுக்குப் பின்னாலும் என்று ஒரு சாண் இடம்கூட வீணாகாமல் அரிசியும், பருப்பும், கருவிகளும், மாற்றுப் பாகங்களும் அடுக்கப்பட்டிருந்தன. மின்சாரம் மேல்தளத்திலுள்ள சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. வெயில் இல்லாத நாளில் குளிர்பெட்டி இல்லை. இதில் பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது தண்ணீர்க் கணக்கு. இரு தொட்டிகளிலும் சேர்த்து நானூறு லிட்டர் நல்ல தண்ணீர். அடுத்த முறை நிரப்பும்வரை, சில வேளை மூன்று வாரங்கள்கூட, அதுதான். பாத்திரங்களைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவி, இறுதியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசுகிறார் லாத்தா. நான் ஒளுச் செய்யப் போனபோது என் கையில் ஒரு சிறு குவளையைக் கொடுத்து, "தம்பி, இதுக்குள்ள முடிச்சுக்க" என்றார். ஊரில் குழாயைத் திறந்துவிட்டு நான் ஒளுச் செய்யும்போது எத்தனை குவளை ஓடுகிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்தார்கள் என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். பாடம் நடத்தத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பின், ஒரு படகில்தான் முதன்முதலாக அதனைச் செய்து பார்த்தேன். தண்ணீர் போதுமானதாகவே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கடலில் ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஒரே சீராகக் காற்று வீசுகிறது. நம் கடற்கரையார் வாடைக்கொண்டல் என்பார்களே, அந்தத் திசைக் காற்று. நங்கூரமிட்ட படகு எப்போதும் தன் முகப்பைக் காற்று வரும் திசைக்கே திருப்பி நிற்கும். அங்கிருந்து கிப்லாவின் திசையோ கிழக்கிலிருந்து சற்று வடக்காகச் சாய்ந்தது. ஆகவே பெரும்பாலான நாள்களில் படகு தானாகவே கிப்லாவை ஏறத்தாழ நோக்கி நின்றது. நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய எனக்கு, காலைக் கதிரவன் எழும் பக்கமாக நின்று, எதிர்க்காற்று முகத்தில் மோதத் தொழுதது மறக்கவியலாத அனுபவம்.

ஐந்தாம் நாள் வடக்கே உள்ள காரியாகூ தீவுக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 35 கடல் மைல். ஒரு பகல் பயணம். கிரெனடாவின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும்வரை மலைகள் காற்றை மறைத்ததால் கடல் ஏரியைப் போலக் கிடந்தது. 'இதற்கா இத்தனை அச்சம்!' என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மச்சான் எழுந்து பெரிய பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டினார். "காற்றே இல்லையே, ஏன் பாயைக் குறைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "தீவின் முனை தாண்டினால் இருக்கிறது. காற்று வந்தபின் பாயைக் குறைக்க நினைப்பவன் காலம் தாழ்ந்தவன். குறைக்கலாமா என்ற எண்ணம் முதன்முறை வரும்போதே குறைத்துவிட வேண்டும்" என்றார்.

அவர் சொன்னது போலவே ஆயிற்று. முனை தாண்டியதும் அட்லாண்டிக் பெருங்கடலின் காற்றும் அலையும் தீவுகளுக்கிடையேயுள்ள கால்வாயில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்த நிலையிலேயே ஓடியது. குடல் வாய்க்கு வந்தது. வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து, அமர்ந்த இடத்திலேயே லுஹர் தொழுதேன். அந்த நிலையில்தான் மச்சான் இடப்பக்கத்து நீர்ப்பரப்பைச் சுட்டிக்காட்டி, "அதோ, அதற்கடியில் ஓர் எரிமலை" என்றார்! வேடிக்கை அல்ல. 'கிக் எம் ஜென்னி' என்று பெயர். கிரெனடாவுக்கு வடக்கே எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கடியில், இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை. 1939-ஆம் ஆண்டு அது சீறியபோதுதான் அங்கே எரிமலை ஒன்று உண்டு என்பதே உலகுக்குத் தெரிந்தது. அது வாயுவை வெளியிடும்போது குமிழிகள் கலந்த நீர் அடர்த்தி குறைந்து, கப்பலைத் தாங்கும் வலிமையை இழந்துவிடும் அபாயம் உண்டாம். ஆகவே அமைதியான நாள்களில்கூட அதன் உச்சியைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் எந்தக் கலமும் நுழையக் கூடாது. மச்சானின் வரைபடத்தில் அந்த வட்டம் சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருந்தது. நாங்கள் அதற்கு வெளியே வெகு தொலைவில் சென்றோம்.

சாச்சாவை நினைத்துக்கொண்டேன். கடலுக்குப் போகிறவர்கள் துணிச்சலால் போகிறார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். மச்சானிடம் நான் கண்டதோ துணிச்சல் அல்ல, இடைவிடாத எச்சரிக்கை.

மாலையில் காரியாகூ வந்தது. வெறும் 33 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள தீவு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த தச்சர்களின் வழித்தோன்றல்கள் பரம்பரை பரம்பரையாகக் கடற்கரை மணலிலேயே மரக்கலங்களைக் கட்டி, ஊர்கூடித் தண்ணீருக்குள் இழுத்துவிடும் ஊர் அது. காகிதத்தில் வரைபடம் இல்லை, கண்ணளவும் கையளவும்தான். அத்தொழிலை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

அதற்கடுத்த ஆண்டே பெரில் வந்தது. மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு அந்தப் புயல் கரையேறியது இந்தத் தீவில்தான். ஏழு மாதங்களுக்குப் பிறகு நான் பார்த்தபோதும் பல வீடுகளுக்குக் கூரை இல்லை. நீலத் தார்ப்பாய்கள் விரித்திருந்தன. டிரல் குடாவை அடுத்துள்ள அலையாத்திக் காடுதான் அப்பகுதிப் படகுகளுக்குக் காலங்காலமாகப் புயல் புகலிடம். மரங்களோடு படகைக் கட்டிவிட்டால் காற்று ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை. அந்த அடைக்கலத்திலேயே படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நொறுங்கின. இலையிழந்த மரங்களுக்கிடையே முறிந்த பாய்மரங்கள் துருத்திக்கொண்டு நின்றதைக் கண்டபோது, உம்மா அழுத காட்சி என் கண்முன் வந்தது. தூதுச் செய்தியைச் சொல்ல இதைவிடத் தக்க இடம் கிடைக்காது என்று தோன்றியது.

இரவு உணவுக்குப்பின் பேச்சைத் தொடங்கினேன். உம்மாவின் உறக்கமின்மை, முதுமை, பேரப்பிள்ளைகள், காலியாகப் பூட்டிக் கிடக்கும் அவர்களுடைய ஊர் வீடு என ஒன்றுவிடாமல் சொன்னேன். இறுதியில், "அந்தக் காட்டைப் பார்த்தபின்னும் இங்கே இருக்க மனம் வருகிறதா?" என்று கேட்டேன்.

லாத்தா பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஜூன் 28-ந் தேதி அது நடுக்கடல்ல பிறந்தப்பவே எங்களுக்குத் தெரியும், தம்பி. 29-ந் தேதி ராத்திரி கிரெனடாவுல நங்கூரம் எடுத்தோம். விடிஞ்சு வெயில் ஏறுறப்ப டிரினிடாட்டுக்கு வந்துட்டோம். ஏறக்குறைய எண்பது மைல். எங்களை மாதிரி எத்தனையோ படகு வந்துச்சு. இந்த ஊர் ஜனங்களால அது முடியுமா? வீடு ஓடாது, படகு ஓடும். உம்மாகிட்ட இதைச் சொல்லு."

"அடுத்த முறையும் அப்படியே தப்பிவிட முடியும் என்று என்ன உறுதி?"

"உறுதி ஒண்ணும் இல்லை. ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் நாங்க தெற்கைவிட்டு நகர்றதில்லை. தினம் ரெண்டு வேளை வானிலை பார்க்கிறோம். மிச்சம் நம்ம கையில இல்லை. ஊர்ல இருந்தா மட்டும் எல்லாம் நம்ம கையில இருக்குதா?"

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. மச்சான் மேல்தளத்துக்குச் சென்று, இரப்பர்ப் படகைக் கப்பியால் உயர்த்திப் பக்கவாட்டில் கட்டினார். நீரில் விட்டால் களவு போய்விடுமாம். பிறகு முகப்புக்குப் போய் நங்கூரச் சங்கிலியை மேலும் சற்று இறக்கினார். கடகடவென்ற அந்த ஓசையைக் கேட்டபடியே உறங்கிப்போனேன்.

இரவு இரண்டு மணியிருக்கும். பெரும் கூச்சலைப் போல ஓர் ஓசை. மழையும் காற்றும் ஒன்றாகப் பாய்ந்து வந்தன. மச்சான் ஒரே தாவலில் மேலே இருந்தார். நான் அங்கியை மாட்டிக்கொண்டு தவழ்ந்தேறினேன். எங்களுக்கு முன்னே, அந்திப் பொழுதில் வந்து நங்கூரமிட்டிருந்த ஒரு வாடகைப் படகு, விளக்கெரிய, எங்களை நோக்கிப் பின்வாக்கில் வந்துகொண்டிருந்தது! அதன் நங்கூரம் பிடிப்பை இழந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் அப்போதுதான் விழித்தார்கள் போலும்.

"அந்தக் காற்றடைத்த தலையணையைப் பிடியுங்கள். காலை மட்டும் இடையில் கொடுத்துவிடாதீர்கள்!" என்று மச்சான் கத்தினார். இரு படகுகளும் உரசாமலிருக்கத் தொங்கவிடும் உருளைத் தலையணை ஒன்றை நான் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். மச்சான் எந்திரத்தை முடுக்கி, சுக்கானைத் திருப்பி, படகின் முகப்பை ஒரு பக்கமாக விலக்கினார். லாத்தா சக்திவாய்ந்த கைவிளக்கால் எதிர்ப்படகினருக்கு வழிகாட்டினார். இரண்டு கைநீளத் தொலைவில், மழையில் நனைந்த ஓர் இளைஞனின் திகைத்த முகம் என்னைக் கடந்து போனது. பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அவ்வளவு அருகில் அவன் முகத்தைக் கண்டபோது என் மகனின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

அவர்கள் எந்திரத்தை இயக்கி விலகிச் சென்று, வேறிடத்தில் மீண்டும் நங்கூரமிட்டார்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. நாங்கள் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடியும் நகரவில்லை.

விடிந்ததும் மச்சானிடம் கேட்டேன்: "ஒரே குடா, ஒரே காற்று. அவர்களுடைய நங்கூரம் பெயர்ந்தது. நம்முடையது ஏன் பெயரவில்லை?"

அவர் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். "நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை, ஆலிம்சா. மண்ணில் புதைந்து பிடிக்கிறது. சங்கிலி நீளமாகத் தரையில் படிந்து கிடந்தால், படகு இழுக்கும்போது நங்கூரம் படுக்கையாக இழுபட்டு மேலும் ஆழமாகப் புதையும். சங்கிலி குட்டையாக இருந்தால், இழுப்பு மேல்நோக்கி வந்து நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். இங்கே ஆழம் ஐந்து மீட்டர். நீர்மட்டத்திலிருந்து படகின் முகப்பு ஒரு மீட்டர். ஆக ஆறு. அதற்கு ஐந்து மடங்கு, முப்பது மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று கூடுமென்று தெரிந்தால் ஏழு மடங்கு. அந்தப் பிள்ளைகள் பதினைந்து மீட்டர்தான் விட்டிருந்தார்களாம். இறுக்கிப் பிடித்தால் படகு பக்கத்திலேயே நிற்கும் என்று எண்ணிவிட்டார்கள்."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த லாத்தா எதிரே அமர்ந்து, நான் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்: "மருமகன் விஷயத்துல என்ன நடந்துச்சு, தம்பி? கப்பல் படிப்புக்கு எழுதணும்னு என்கிட்ட அவ்வளவு ஆசையாச் சொன்னானே?"

வாசகர்களே! இதுவரை என் வீட்டாரிடம்கூடச் சொல்லாத ஒன்றை அன்று லாத்தாவிடம் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்கிறேன். 2024-இல் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் கடல்சார் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க விரும்பினான். நான் 'கூடாது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வாதாடியிருப்பான், தோற்றாலும் வென்றாலும் அது நேர்மையான வழக்காக இருந்திருக்கும். நான் அவ்வாறு செய்யவில்லை. கணினி மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு வந்து, கட்டணத்தை மட்டும் கட்டிவிடும்படி அவன் கேட்டபோது, "கட்டுகிறேன்" என்றேன். நாளை, நாளை என்று நாள் கடத்தினேன். கடைசி நாள் கடந்தது. "ஏதோ தொழில்நுட்பக் கோளாறு போலிருக்கிறது" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தான். அன்று முதல் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வானே தவிர, தானாக ஒரு சொல்லும் பேசுவதில்லை. வாக்குறுதியைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் நான், பெற்ற மகனிடம் செய்த காரியம் இது.

லாத்தா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சாச்சா போனதுக்கு அவன் என்ன செய்வான்?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் குடிவரவு அலுவலகத்தில் புறப்பாட்டு முத்திரை பெற்று, அடுத்த நாட்டுக்குள் நுழைந்தோம். எட்டு மைல் கடந்தால் யூனியன் தீவு; ஆனால் அது செயின்ட் வின்சென்ட் நாட்டைச் சேர்ந்தது. மஞ்சள் கொடியை ஏற்றிச் சென்று, அதிகாரிகளிடம் தாள்களைக் காட்டி அனுமதி பெற்ற பின்னரே அதை இறக்கி, அந்நாட்டுக் கொடியை மரியாதைக்காக ஏற்ற வேண்டும். பிறகு டொபேகோ கேஸ் என்னும் மனிதர் வாழாத ஐந்து குறுந்தீவுகள். குதிரை இலாட வடிவப் பவளப் பாறைத்திட்டு அலைகளைத் தடுத்து நிறுத்த, அதன் உட்புறம் படகுகள் நிற்கின்றன. கிழக்கே பார்த்தால் ஆப்பிரிக்கா வரை கரையே இல்லை. தெளிந்த நீரில் ஆமைகள் புல் மேய்வதை உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி கண்டேன். உப்புத் தண்ணீரில் நான் கால் வைத்தது, ஏன், முகமே வைத்தது, வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

பெக்வே தீவில் நங்கூரமிட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஊரில் மாலை நாலரை என்று கணக்கிட்டு, மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். நலம் விசாரித்தபின், "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோளாறு எதுவும் இல்லை. பணத்தை நான்தான் கட்டவில்லை" என்றேன்.

நெடுநேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினேன்.

"எனக்கு அப்பவே தெரியும், வாப்பா" என்றான். "கடைசி நாளுக்கு மறுநாள் மையத்துல போய்ப் பார்த்துட்டேன். நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன்."

பத்து மாதங்கள்! பத்து மாதங்களாக உண்மையை அறிந்துகொண்டே, என் பொய்யை என் முகத்துக்கு நேரே எடுத்துப் போடாமல், ஒரே பாயில் அமர்ந்து என்னோடு சோறு உண்டிருக்கிறான். அவனுடைய மௌனத்தை நான் கோபம் என்று எண்ணியிருந்தேன். அவன் எனக்கு அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

என்ன பேசுவது என்று தெரியாமல், காரியாகூவின் இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். காற்று, மழை, பின்வாக்கில் வந்த படகு எல்லாவற்றையும் கேட்டான். இடையிலேயே, "மாமா எவ்வளவு சங்கிலி விட்டிருந்தாங்க, வாப்பா?" என்றான். நீண்ட காலத்துக்குப்பின் அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஐந்து மடங்குக் கணக்கைச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் விட்டிருப்பாங்க" என்றான். பிறகு விசாரித்தேன், அவன் சொன்னதே சரி. அன்றிரவு மச்சான் ஏழு மடங்கு விட்டிருந்தார்.

ரமலான் பிறைக்கு முன்னே ஊர் திரும்பினேன், தனியாக. "கூட்டி வரலையா?" என்று உம்மா வாசலிலேயே கேட்டார்கள். லாத்தாவின் படகையும், தொங்கும் அடுப்பையும், ஒளுவுக்கான குவளையையும் படத்தில் காட்டினேன். வீடு ஓடாது, படகு ஓடும் என்று லாத்தா சொன்னதையும் சொன்னேன். உம்மா ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். "அந்தக் குவளைத் தண்ணி எப்படிப் போதும்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இப்போதும் ஜூன் பிறந்தால் லாத்தாவிடம் தினமும் பேசாமல் அவர்களுக்கு உறக்கம் வருவதில்லை.

பேரனைப் பற்றியும் சொன்னேன். என் குற்றத்தையும் மறைக்கவில்லை. உம்மா நெடுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். சாச்சாவை நினைத்திருப்பார்கள். முடிவில், "போறவன் நீந்தப் படிச்சுக்கிட்டுப் போகட்டும்" என்றார்கள். நாற்பதாண்டுக் காலத் தடை அவ்வளவில் தளர்ந்தது.

அந்த ஆண்டு விண்ணப்பம் திறந்த முதல் நாளே கட்டணத்தைக் கட்டி, ரசீதை மகன் கையில் கொடுத்தேன். தேர்வு எழுதினான், இடம் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டே எழுதியிருந்தால் இது இரண்டாவது முயற்சியாக இருந்திருக்கும் என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இருவருக்கும் தெரியும். மீண்டும் எழுதுவேன் என்கிறான். எழுதட்டும்.

பிள்ளைகளை அருகிலேயே இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று எண்ணும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்! நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். பிடிப்பு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் சங்கிலி குட்டையானால் நங்கூரமே பெயர்ந்துவிடும் என்பதை நான் ஒரு மழையிரவில் கண்ணால் கண்டேன். உங்கள் வீட்டில் அந்தச் சங்கிலி எத்தனை மீட்டர் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

இப்போதெல்லாம் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் மகன் கடலுக்கு நீந்தப் போகிறான். நானும் உடன் போகிறேன். அவன் தொலைவில் போய்த் திரும்புகிறான். நான் இடுப்பளவு நீரில் நின்று கையை அடித்துக்கொண்டிருக்கிறேன். "காலைத் தூக்குங்க வாப்பா, தண்ணி தாங்கும்" என்கிறான். இன்னும் தூக்கவில்லை.